மூன்று நாள் கஞ்சி

மாதத்தின் முதல் சனிக்கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும் என்றால், புதன்கிழமை காலையிலேயே பச்சையம்மா அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டுவிடுவாள்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிலேந்து கஞ்சியா?"

"ஆமாம். கொள்ளுக் கஞ்சி, உப்பு மட்டும் போடு. மத்தியானத்துக்குக் கீரை. ராத்திரிக்கு ஒண்ணும் வேண்டாம்."

"காப்பி?"

"சர்க்கரை இல்லாம."

"அய்ய, அத்த எப்டித்தான் குடிக்கிறியோ!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே பச்சையம்மா கொள்ளை வறுக்கப் போவாள். ஏரிக்கரைப் பக்கத்துப் பழைய செம்பாக்கத்துக்காரி அவள். டீச்சர் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து அங்கே சமையலுக்கும் மேல்வேலைக்கும் வந்துகொண்டிருந்தாள். இந்தக் கஞ்சியை அவள் வைத்தியம் என்றே நினைத்திருந்தாள்.

வைத்தியம் இல்லை. ஏமாற்று வேலை. நாசூக்காகச் சொல்லி என்ன பிரயோஜனம்? புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் திரிபுரசுந்தரி டீச்சர் வயிற்றைக் காயப்போடுவாள். மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகும். சனிக்கிழமை காலை மேற்குத் தாம்பரத்து லேபில் கையை நீட்டுவாள். ரிப்போர்ட்டில் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று அழகாக வரும். வந்ததும் ஸ்டேஷன் பக்கத்து ஸ்வீட் ஸ்டாலில் இரண்டு பாதுஷா. மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குப் பரிசு. அடுத்த மாதத்து முதல் புதன் வரைக்கும் மாத்திரை டப்பா அலமாரியில் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இத்தனைக்கும் பரீட்சை ஹாலில் அவளைப் போல் கெடுபிடி யாரும் கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பாவாடை மடிப்பில் பிட் வைத்திருக்கும் பெண்ணை, அந்தப் பெண் மூச்சு விடுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். பேப்பரைப் பிடுங்கிப் பூஜ்யம் போடுவாள். அழுதாலும் இரங்க மாட்டாள். "இன்னிக்கு என்னை ஏமாத்தலாம், நாளைக்கு யாரை ஏமாத்துவே?" என்பாள். பத்தாம் வகுப்பு ஏ பிரிவு என்றால் அவளுக்கு உயிர். கரும்பலகை முன்னால் சாக்பீஸும் கையுமாக நின்றால் நாற்பது பெண்களும் கப்சிப். அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் அவள் காலையில் கண் விழித்தாள் என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்டவள் எப்படி இதில் விழுந்தாள் என்றால், காரணம் ஒரு சிவப்புப் பேனா.

எண்பத்திரண்டில் அவளுக்கு முப்பத்தொன்பது வயது. முதுகில் ஒரு கட்டி வந்து ஆறவே மாட்டேன் என்றது. குடும்ப டாக்டர் ஸ்ரீநிவாசராகவன், எதற்கும் சர்க்கரை பார்த்துவிடலாம் என்று லேபுக்கு அனுப்பினார். லேப்காரர் அந்தோணிசாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. சரியாக இருந்தால் நீல மையில் எழுதுவார், அளவு தாண்டியிருந்தால் சிவப்பு மையில். திரிபுரசுந்தரியின் தாளில் 268 என்று சிவப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அறைக் கதவு திறந்திருக்கும்போதே, "டீச்சரா இருந்துண்டு உடம்பை இப்படியா வெச்சுப்பா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். வெளியே பெஞ்சில் அவளிடம் படிக்கும் பெண்ணின் அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். திரிபுரசுந்தரிக்குக் காதெல்லாம் சுட்டது. வருஷக்கணக்காகப் பிறத்தியார் தாளில் அவள் போட்ட சிவப்பு, அன்றைக்கு அவள் பெயருக்கு நேராக வந்து உட்கார்ந்துவிட்டது.

முதல் மாதம் நிஜமாகவே பத்தியம் இருந்தாள். 130 வந்தது, நீல மை. இரண்டாவது மாதம் தங்கை வீட்டுக் கல்யாணம், லட்டு, ஜாங்கிரி, பால் பாயசம் என்று போய்விட்டது. கடைசி மூன்று நாள்தான் பயம் வந்து வயிற்றைக் கட்டினாள். 118 வந்தது. முழு மாதம் கஷ்டப்பட்டபோது வந்ததைவிடக் குறைச்சல்! டாக்டர் "சபாஷ்" என்று முதுகில் தட்டாத குறை. அவளுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது.

இதில் மோசம் என்னவென்றால், யாரையும் ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. ரிப்போர்ட் நன்றாக இருந்தால் உடம்பும் நன்றாக இருக்கிறது என்று மனதார நம்பினாள். மார்க் வாங்கிவிட்டால் பாடம் வந்துவிட்டது என்று நினைக்கும் பெண்களை வகுப்பில் கிழி கிழி என்று கிழிப்பவள், தன் விஷயத்தில் அப்படியே நினைத்தாள். பச்சையம்மாவிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்: "மூணு நாள் வாயைக் கட்டினாப் போதும் பச்சையம்மா, எல்லாம் சரியாயிடும்."

அவள் கணவர் சாம்பசிவன் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். சாது. எதையும் ஃபைல் போட்டு வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மனைவியின் ரிப்போர்ட்டுகளுக்கென்று ஒரு நீல நிற ஃபைல் வாங்கி, மாதா மாதம் தாளை நடுவில் மடித்து, ஓட்டை போட்டு, வரிசைப்படி கோத்து வைத்தார். முதல் தாளில் அந்த ஒரு சிவப்பு. அதற்கப்புறம் நூற்று நாற்பது, நூற்று ஐம்பது தாளும் நீலம்தான். அலுவலகத்தில் யாருக்காவது சர்க்கரை என்றால், "எங்க வீட்டம்மாவைப் பாருங்க சார், கட்டுப்பாடுன்னா அதுதான் கட்டுப்பாடு" என்பார். பிள்ளை குட்டி இல்லாத மனுஷர். பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்கு அந்த ஃபைல் இருந்தது.

உடம்பு ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. தொண்ணூறில் கிணற்றடியில் வழுக்கி, கையை ஊன்றினாள். மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரத்தில் கூட வேண்டிய எலும்பு நாலு மாதம் இழுத்தது. "வயசாச்சில்லே" என்றார்கள். நாற்பத்தேழு ஒரு வயசா? ஆனால் ஃபைல் நீலமாக இருந்ததால் யாரும் மேலே யோசிக்கவில்லை. இடது கைதானே, சாக்பீஸ் பிடிக்கிற கை இல்லையே என்று அவளும் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றைந்து நவம்பரில் கெட்ட காலம் பிறந்தது. கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி, தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறி மேற்கே இறங்குவதுதான் அவள் தினப்படி வழி. மழை பெய்து படியெல்லாம் சொதசொதவென்று இருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பத்தாம் வகுப்பு ஏ பிரிவின் விடைத்தாள் கட்டு. கடைசிக்கு முந்தின படியில் செருப்பு வழுக்கியது. இரண்டே படி. சின்னப் பெண்ணாக இருந்தால் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓடியிருப்பாள். இவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு சடக்கென்று உடைந்தது. அவளே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். வலியைவிட, விடைத்தாள் நனைகிறதே என்றுதான் முதலில் கத்தினாள்.

நர்சிங் ஹோமில் எலும்பு டாக்டர் தட்சிணாமூர்த்திக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன விழுதலுக்கு இவ்வளவு பெரிய முறிவா?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். "சுகர் இருக்காம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சாம்பசிவன் ஃபைலை நீட்டிவிட்டார். வீட்டுக்கு ஓடிப்போய்த் துண்டு, சோப்பு, டம்ளரோடு அதையும் எடுத்து வந்திருந்தார். டாக்டர் புரட்டினார். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினாறு, நூற்று ஒன்பது. "பதிமூணு வருஷமா இப்படியா? என் பேஷன்ட்ல ஒருத்தர்கூட இந்த மாதிரி இல்ல சார்" என்றார். சாம்பசிவனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தனக்கே மெடல் குத்தினாற்போல் நின்றார்.

"ஆறு வாரம் கட்டு, அப்புறம் மெதுவா நடக்கலாம். பொங்கல் கழிச்சு ஸ்கூலுக்குப் போகலாம் டீச்சர்" என்றார் டாக்டர். பொங்கல் கழித்து என்றால் திருப்புதல் தேர்வு ஆரம்பித்துவிடும். அதற்குள் போய்விடலாம் என்று அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள்.

பொங்கல் வந்தது. கட்டைப் பிரித்து எடுத்த எக்ஸ்ரேயில், உடைந்த இரண்டு துண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு அப்படியே இருந்தது. மறுபடியும் கட்டு. மார்ச்சில் இன்னொரு எக்ஸ்ரே. அதே கோடு. முதல் எக்ஸ்ரேயையே திரும்பக் கொடுத்துவிட்டார்களோ என்று சாம்பசிவன் தேதியைச் சரிபார்த்தார்.

எலும்பு கூட வேண்டும் என்று அந்த மனுஷர் செய்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பஜாரிலிருந்து பேரீச்சம்பழம் வாங்கி வந்து காலையில் ஆறு, மாலையில் ஆறு என்று கொட்டை நீக்கிக் கொடுத்தார். கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டு உருண்டை பிடிக்கச் சொன்னார். ராத்திரி படுக்கும் முன்னால் பெரிய டம்ளரில் பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு அவரே ஆற்றிக் கொடுப்பார். "உனக்கென்ன, சுகர்தான் கட்டுல இருக்கே, பயப்படாம சாப்பிடு" என்பார். அவளும் சாப்பிட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே. ஒவ்வொரு டம்ளர் பாலும் அந்தக் கறுப்புக் கோட்டில்தான் போய் விழுந்தது என்று பிற்பாடு அவளுக்குத் தெரிந்தபோது, கொடுத்த கையின் மேல் கோபப்படவும் முடியவில்லை.

மாதாந்திர ரத்தப் பரிசோதனை மட்டும் நிற்கவில்லை. அந்தோணிசாமி வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார். அதற்கு முந்தின மூன்று நாளும் பச்சையம்மா கஞ்சி காய்ச்சினாள். ஆபீஸ் போகும் மனுஷருக்கு மத்தியானம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று எப்படித் தெரியும்? அவர் கொடுக்கும் பழத்தையும் பாலையும் அந்த மூன்று நாளும் அப்புறம் சாப்பிடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு, உருண்டையோடு சேர்த்துப் பச்சையம்மாவின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவாள்.

தட்சிணாமூர்த்தி மண்டையைக் குழப்பிக்கொண்டார். டி.பி. இருக்குமோ என்று பார்த்தார். கால்சியம் பார்த்தார். தைராய்டு பார்த்தார். ஏப்ரலில் ஒருநாள் நேராகவே கேட்டார்: "டீச்சர், வீட்ல சாப்பாடெல்லாம் நிஜமாவே கட்டுப்பாடுதானே?"

சாம்பசிவன் பக்கத்தில் நின்றார், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு. சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் அவள் கையில்தான் இருந்தது. 'இல்லை டாக்டர், மூணு நாள்தான்' என்று நாலு வார்த்தை. மாட்டிக்கொண்ட பெண்கள் எதற்காகக் கடைசி வரை இல்லை இல்லை என்று சாதிக்கிறார்கள் என்று அவளுக்கு அன்றுதான் புரிந்தது.

"கட்டுப்பாடுதான் சார்" என்று சாம்பசிவன் பதில் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

மே மாதம் டாக்டர் இன்னொரு பரிசோதனை சொன்னார். புதிதாக வந்திருக்கிறது, தாம்பரத்தில் இல்லை, ரத்தத்தை மெட்ராஸில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார். "வெறும் வயித்துலயா டாக்டர்?" என்று கேட்டாள். "எப்படி வேணா குடுங்க, அதுக்கு அது தேவையில்ல" என்றார். அந்தப் பதிலில் அவள் உஷாராகியிருக்க வேண்டும். உஷாராகவில்லை. புதன்கிழமையே பச்சையம்மாவைக் கூப்பிட்டுக் கஞ்சி வைக்கச் சொன்னாள்.

நாலு நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் அவளைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"இது மூணு மாசத்துச் சராசரி டீச்சர். ரத்தத்துல சிவப்பணு இருக்கே, அதுல சர்க்கரை ஒட்டிக்கும். ஒட்டினா, அந்த அணு சாகற வரைக்கும் போகாது. முந்தின நாள் பட்டினி கிடந்தாலும் சரி, மூணு நாள் கிடந்தாலும் சரி, இது மாறாது. ஆறு இருக்கணும். உங்களுக்குப் பன்னிரண்டரை இருக்கு."

சாம்பசிவன்தான் முதலில் பேசினார். "லேப்ல ஏதாவது தப்பு..."

"தப்பில்ல சார். ரெண்டு தடவை பாக்கச் சொன்னேன்." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். கோபித்துக்கொண்டால்கூடத் தேவலை, அவர் கோபிக்கவில்லை. "எலும்பு கல்லு மாதிரின்னு எல்லாரும் நினைக்கறாங்க டீச்சர். அது உயிருள்ள பொருள். தினமும் பழசு கொஞ்சம் கரையும், புதுசு கொஞ்சம் வைக்கும். ரத்தத்துல சர்க்கரை நிறைஞ்சே ஓடிட்டிருந்தா, புதுசு வைக்கற வேலை படுத்துடும். எலும்புக்குள்ள நார் இருக்கு, அதுலயும் சர்க்கரை ஒட்டி அதை மொடமொடன்னு ஆக்கிடும். எக்ஸ்ரேல பாத்தா கனமா, அழகா தெரியும். ஆனா சுலபமா உடையும், உடைஞ்சா ஒட்டாது. நான் ஆறு மாசமா வேற எங்கெங்கயோ தேடிட்டிருந்தேன்."

"நான் மூணு நாள் மட்டும்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

ஆட்டோவில் செம்பாக்கம் வரும் வரை சாம்பசிவன் ஃபைலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, அவளைக் கட்டிலில் உட்கார்த்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை வருஷமா?"

"ஆரம்பத்துலேந்தே."

"ஒரு தடவைகூடச் சொல்லணும்னு தோணலியா சுந்தரி?"

"ரிப்போர்ட் நல்லா வந்தா நீங்க சந்தோஷப்பட்டீங்க."

"உனக்கு உடம்பு நல்லா இருக்குன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன்" என்றார். எழுந்து போய்ப் பேரீச்சம்பழ டப்பாவை எடுத்துக் கொல்லைப் பக்கம் கொட்டிவிட்டு வந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசியிருந்தால், திட்டியிருந்தால், அவளுக்கு அழுவதற்காவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

ஒரே வழிதான் பாக்கி இருந்தது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அந்த இடைவெளியில் வைத்து, தகடு பொருத்தி ஆபரேஷன் செய்வது. சர்க்கரை நிஜமாகவே இறங்கினால்தான் கத்தி வைப்பேன், இல்லாவிட்டால் சீழ் பிடித்துக் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. பத்தாம் வகுப்பு ஏ பிரிவுக்குத் தற்காலிகமாக ஒருத்தியைப் போட்டார்கள். கால் கூடினால் அடுத்த ஜூனில் கரும்பலகை முன்னால் நிற்கலாம். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அவள் செய்தாள். இந்தத் தடவை பொய் இல்லை. காலையும் மாலையும் தன் தொடையில் தானே இன்சுலின் குத்திக்கொண்டாள். அளந்த சாதம், அளந்த சப்பாத்தி, பாகற்காய், காராமணி. தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த தட்டை மூடியைத் திறக்காமலேயே பச்சையம்மாவிடம் கொடுத்தாள். நவம்பரில் மறுபடி ரத்தம் மெட்ராஸுக்குப் போனது. ஏழு என்று வந்தது. டாக்டர் நம்பமுடியாமல் இரண்டு தடவை படித்தார். ஆபரேஷன் நடந்தது.

தொண்ணூற்றேழு மார்ச்சில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வைத்த எலும்பு பாதி கரைந்து போயிருந்தது. தகட்டின் திருகாணி ஒன்று தளர்ந்து சாய்ந்திருந்தது. நடுவில் அந்தக் கறுப்புக் கோடு, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே இடத்தில்.

"எட்டு ஒன்பது மாசம் நீங்க செஞ்சதை யாராலயும் செய்ய முடியாது டீச்சர்" என்றார் தட்சிணாமூர்த்தி. "ஆனா இந்த எலும்பு பதினாலு வருஷம் சர்க்கரையில ஊறினது. அதுக்கு இந்த எட்டு மாசம் போதல."

"இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாத்தா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னொரு தடவை திறந்தால் கால் தங்காது என்றார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் பாரம் போடாமல், வீட்டுக்குள் நடக்கலாம் என்றார். மேம்பாலம் வேண்டாம், பஸ் வேண்டாம், பள்ளிக்கூடத்துப் படிகள் வேண்டவே வேண்டாம். அவள் விருப்ப ஓய்வுக் கடிதத்தை நாலு வரியில் தானே எழுதினாள். சாம்பசிவன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம், அவளுடைய மேஜையில் கிடந்த சாக்பீஸ் டப்பாவையும் ஸ்கேலையும் பியூன் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த வெயில் காலத்தில் ஒருநாள் பச்சையம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கண்ணன் லோகநாதனுக்குக் கால்ல புண்ணு டீச்சரம்மா. ஒரு மாசமா ஆறல."

"அவருக்கும் சுகரா?"

"நாலு வருசமா கீது. நீ சொன்னத நான்தான் அதுக்குச் சொன்னேன். மூணு நாள் கஞ்சி குடி, ரிப்போட்டு சுத்தமா வரும்னு. அது அப்டியேதான் பண்ணிகினு கீது."

திரிபுரசுந்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிறுத்தச் சொல்லு பச்சையம்மா! என் காலைக் காட்டிச் சொல்லு. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லச் சொல்லு."

"சொல்லாம இருப்பேனா? ரிப்போட்டுதான் நல்லா வருதே, டீச்சரம்மா கீழ வியுந்ததாலதானே கால் போச்சுன்னுது. படா பேஜாரா கீது அத்தோட" என்று பச்சையம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "நான் வைத்தியம்னு நெனச்சிகினு இருந்தேன், டீச்சரம்மா."

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். பாதிப் பேர் அதைப் பரீட்சை முடிந்த அன்றைக்கே மறந்திருப்பார்கள். இந்த ஒரு பாடத்தைத்தான் லோகநாதன் மறக்காமல், விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. அந்தோணிசாமி காலையில் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போய், மதியம் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். 108. நீல மை.

அந்த வாரம் கஞ்சி கிடையாது. புதனும் வியாழனும் வெள்ளியும், மற்ற எல்லா நாளும் போல, அளந்த இரண்டு சப்பாத்தியும் அவரைக்காயும்தான். கால் போன பிறகு எதற்கு இந்தப் பத்தியம் என்று அவளுக்கே சில நாள் தோன்றும். இருந்தும் விடவில்லை. நல்ல மார்க்குக்காக இல்லை, டாக்டருக்காக இல்லை. ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதிய பரீட்சை என்று ஒன்று இருக்கட்டுமே என்றுதான். தாளை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸிலிருந்து அவர் வரக் காத்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் ராங்க் கார்டை வைத்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பார்கள் என்று நினைத்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். எத்தனை நாளைக்கப்புறம் அவள் சிரித்தாள்!

சாம்பசிவன் வந்து, முகம் கழுவி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"நூத்தி எட்டு. நல்லா இருக்கு" என்றார். அலமாரியிலிருந்து அந்த நீல ஃபைலை எடுத்தார். இத்தனைக்கும் பிறகு அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. தாளை நடுவில் மடித்து ஓட்டை போட்டு, மற்ற நூற்றுச் சொச்சம் தாள்களின் மேல் கோத்தார். நூற்றுப் பத்து, நூற்றுப் பன்னிரண்டு, நூற்று ஒன்பது, நூற்று எட்டு. எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே நீலம். எது நிஜம் என்று கடவுள் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

"இந்தத் தடவை எத்தனை நாள் கஞ்சி சுந்தரி?" என்று கேட்டார்.

கோபம் இல்லை. குத்தலும் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"கஞ்சியே இல்லைங்க" என்றாள்.

"சரிம்மா" என்று மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு ஃபைலை மூடினார்.

அந்தத் தலையாட்டலை அவளுக்குத் தெரியும். வீட்டுப்பாட நோட்டை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டேன் மிஸ் என்று சொல்லும் பெண்ணிடம் இருபத்தாறு வருஷமாக அவள் ஆட்டியதும் அதே தலையாட்டல்தான்.